பிறெப் குக் வேலை: ரொறன்ரோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் உணவகக் குசினிகளில் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன். கோப்பை கழுவி, பிறெப்புக்கு வந்து, லைனில் நின்று, இப்போது மறுபடி பிறெப் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகள், மச்சானின் சிநேகிதர்கள், கோயிலில் கண்டு கதைத்தவர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது எடுத்துக் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். சட்டம், சம்பளம் பற்றிச் சொல்வதெல்லாம் ஒன்ராறியோவுக்கு மட்டும்.

பிறெப் குக் எண்டால் என்ன வேலை? கோப்பை கழுவுறதுதானே?

இல்லை. கோப்பை கழுவுபவர் டிஷ்வோஷர். ஓடர் வந்த பிறகு அடுப்பில் நின்று தட்டை முடிப்பவர் லைன் குக். கடை திறக்க முன்பே வெங்காயம் வெட்டி, கோழி துண்டு போட்டு, ஸ்டொக் (எலும்பு அவித்து எடுக்கும் சாறு) வைத்து, சூப், சோஸ், டிரெஸ்ஸிங் எல்லாம் செய்து, அளந்து, பெயரும் திகதியும் எழுதி அடுக்கி வைப்பவர்தான் பிறெப் குக். பிரெஞ்சுக்காரர் இதற்கு 'மீஸ் ஓன் பிளாஸ்' என்பார்கள், எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது. சனி இரவு லைனில் நிற்பவர் எட்டு நிமிடத்தில் ஒரு பாஸ்டாவை அனுப்புகிறார் என்றால் மிச்ச வேலையெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சின்னக் கடைகளில் இந்த எல்லைகள் இருக்காது. பிறெப் என்று எடுத்துக் கோப்பையும் கழுவச் சொல்வார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1983க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் கனபேர் இந்த நகரத்தில் முதல் சம்பளம் எடுத்தது குசினியில்தான். வெளியே இத்தாலியப் பெயர்ப்பலகை தொங்கும், உள்ளே தமிழ் கேட்கும்.

அண்ணை, நான் ஊரிலை ஒரு நாளும் சமைச்சதில்லை. எடுப்பினமோ?

எடுப்பார்கள். என்னைக் கேட்டால் வீட்டில் நன்றாகச் சமைக்கிறவரைப் பழக்குவதுதான் கஷ்டம். அவர் கண்ணளவில் உப்புப் போடுவார், ருசி பார்த்து மிளகு கூட்டுவார். இங்கே தாளில் 18 கிராம் என்று இருந்தால் தராசில் வைத்து 18 கிராம். நேற்று வந்தவருக்கும் நாளை வருபவருக்கும் ஒரே ருசி போகவேண்டும். அது உங்கள் ருசியாக இருக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆங்கிலம் பேச வராவிட்டாலும் சமாளிக்கலாம், வாசிக்கத் தெரியவேண்டும். பிறெப் லிஸ்ட், ரெசிப்பி, பெட்டியில் ஒட்டிய லேபல் எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

என்னென்ன வாங்கோணும்? கத்தி நாங்களே கொண்டு போகோணுமோ?

முதலில் சப்பாத்து. வழுக்காத அடி உள்ள குசினிச் சப்பாத்து. கத்தியை விட இதற்குத்தான் காசு செலவழிக்கச் சொல்வேன். எண்ணெய் பட்ட ஓட்டுத்தரையில் ஓட்டச் சப்பாத்தோடு வந்து விழுந்தவர்களை எண்ணி முடியாது. அதற்குப் பிறகு சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கொப்பி, ஒரு தடித்த மார்க்கர் பேனா.

கத்தி முதல் மாதம் வேண்டாம், கடைக் கத்தி இருக்கும். அதற்குப் பிறகு எட்டு அங்குலத்தில் ஒரு செஃப் கத்தி. பிளாஸ்டிக் பிடி போட்ட விக்டோரினொக்ஸ் போதும், பாதிக் குசினி அதில்தான் ஓடுகிறது. முன்னூறு டொலர் ஜப்பான் கத்தியைத் தீட்டத் தெரியாமல் வைத்திருப்பதை விட, மலிவுக் கத்தியும் 1000 கிரிட் தீட்டுகல் ஒன்றும் மேல். மொட்டைக் கத்தி வழுக்கித்தான் கையில் ஏறும்.

காலமை போனவுடனை முதல் என்ன செய்யிறது?

கை கழுவி, ஏப்ரன் கட்டி, நேரே வோக்-இன்னுக்குள் போங்கள். ஆள் நடந்து போகும் அந்தக் குளிரறையில் என்ன மிஞ்சியிருக்கிறது, எது திகதி முடிகிறது என்று பார்க்காமல் கத்தியைத் தொடக்கூடாது. பிறகு லிஸ்டை எடுத்து, எது கூட நேரம் எடுக்குமோ அதை மேலே எழுதுங்கள். கோழி ஸ்டொக் நாலு மணித்தியாலம் கேட்கும், மாட்டெலும்பு எட்டுக்கு மேல். முதலில் அவை அடுப்பில் ஏறட்டும். அடுத்தது ஓவனுக்குள் போகிறவை. அதற்குப் பிறகு ஊறவேண்டியவை, பிறகு மரக்கறி. பார்ஸ்லி, பேசில் மாதிரி வாடுகிற இலைகள் கடைசி. பச்சைக் கோழிக்குத் தனி நேரமும் தனிப் பலகையும் வேண்டும். பல கடைகளில் மஞ்சள் பலகை கோழிக்கு, சிவப்பு இறைச்சிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை மரக்கறிக்கு.

பலகைக்குக் கீழே ஈரத்துணி ஒன்று விரியுங்கள். பலகை ஆடினால் கத்தியும் ஆடும்.

எல்லாரும் கத்துகினம், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பேசுகினமோ?

பேசவில்லை, ஹோர்ன் அடிக்கிறார்கள். 'பிஹைண்ட்' என்றால் உங்களுக்குப் பின்னால் வருகிறேன், திரும்பாதே. 'ஹொட்' என்றால் சூடான சட்டி, 'ஷார்ப்' என்றால் கையில் கத்தி, 'கோர்னர்' என்றால் மூலை திரும்புகிறேன். செஃப் ஏதும் சொன்னால் 'ஹேர்ட்' என்று சத்தமாகச் சொல்லவேண்டும், காதில் விழுந்தது என்று அர்த்தம். தலையாட்டினால் காணாது. 'எய்ட்டி-சிக்ஸ்' என்றால் அந்தச் சாமான் முடிந்துவிட்டது. முதல் கிழமை கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சத்தில் வாய் திறக்காமல் கொதிநீர்ச் சட்டியோடு ஒருவருக்குப் பின்னால் போகாதீர்கள்.

நான் சரியான ஸ்லோ எண்டு செஃப் பேசுறார். கை வேகமாக என்ன செய்யோணும்?

இதைத்தான் கூடக் கேட்கிறார்கள். எனக்கும் நடந்தது. பிறெப்புக்கு வந்த புதிதில் டிவியில் பார்க்கிற மாதிரிப் படபடவென்று வெட்டிக் காட்டினேன். செஃப் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, 'இந்த அரை மணித்தியாலத்தில் பதினொரு தரம் வோக்-இன்னுக்குப் போய் வந்தாய்' என்றார். கத்தியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நேரம் போவது நடையில்தான். தொடங்க முன்பே தேவையான எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வாருங்கள். குப்பைக்கு ஒரு பாத்திரம், வெட்டினது போட ஒன்று, இரண்டும் கைக்கெட்டுகிற தூரத்தில்.

அடுத்தது, ஒரு வேலையை ஒரே மூச்சில் செய்வது. 50 இறாத்தல் வெங்காயச் சாக்கு என்றால், எல்லாவற்றின் நுனியையும் வெட்டுங்கள், பிறகு எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், பிறகு எல்லாவற்றையும் உரியுங்கள், கடைசியில்தான் வெட்டு. ஒரு வெங்காயத்தை உரித்து வெட்டி முடித்து அடுத்ததை எடுக்கிறவர் ஒவ்வொரு தரமும் கையையும் மனத்தையும் மாற்றுகிறார். அப்புறம் மேலே சொன்ன வரிசை. ஸ்டொக் முதலில் ஏறினால் அது கொதிக்கிற நேரத்தில் நீங்கள் வெட்டுகிறீர்கள். மறந்துவிட்டுப் பதினொரு மணிக்கு ஏற்றினால் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் மத்தியானம் சூப் இல்லை.

கை வேகம் தானாக வரும், ஆறு மாதம் எடுக்கும். அதுவரை அளவு ஒன்றாக இருக்கட்டும். ஸ்மோல் டைஸ் என்றால் ஆறு மில்லிமீற்றர், மீடியம் பன்னிரண்டு, ஜூலியன் மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் குச்சி குச்சியாக. பெரிதும் சிறிதுமாக வெட்டிய கரட்டில் பாதி கரைந்துபோகும், பாதி கடிபடாது. பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கத்தி முட்டியில் உரசிப் போகிற மாதிரி வையுங்கள். மன்டலின் என்கிற சீவுபலகையில் கையுறை இல்லாமல் வீரம் காட்டவேண்டாம். என் பெருவிரல் நுனியின் வடிவம் அதனால்தான் இப்படி.

ஃபூட் ஹான்ட்லர் சேர்டிபிக்கட் கட்டாயமோ?

கடை இயங்குகிற ஒவ்வொரு மணித்தியாலமும், உணவைப் பாதுகாப்பாகக் கையாளும் அந்தப் பயிற்சியை முடித்த ஒருவராவது உள்ளே இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம். ஆளுக்காள் கட்டாயமில்லை. ஆனால் காலையில் கதவைத் திறக்கிறவர் பிறெப் குக், அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் முதலாளிக்கு நிம்மதி. ஒரு நாள் படிப்பு, ஒரு பரீட்சை, ஐந்து வருடம் செல்லும். வேலை தேட முன்பே எடுத்துவிடுங்கள்.

சூப்பை இரவு அப்பிடியே மூடி உள்ளுக்கு வைச்சன். செஃப் முழுக்க ஊத்தச் சொல்லிட்டார். என்ன பிழை?

செஃப் செய்தது சரி. கிருமி பெருகுவது 4 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் நடுவில். குளிரானது நாலுக்குக் கீழே, சூடானது அறுபதுக்கு மேலே. சமைத்ததை ஆற்றும்போது 60இலிருந்து 20க்கு இரண்டு மணித்தியாலத்துக்குள், பிறகு 20இலிருந்து 4க்கு நாலு மணித்தியாலத்துக்குள் இறங்கவேண்டும். நாற்பது லீற்றர் சட்டியை மூடியோடு வோக்-இன்னுக்குள் வைத்தால் விடிய நடுவில் விரல் விட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் அப்படி வைத்த சட்டி தன்னையும் கெடுத்து, பக்கத்திலிருந்த கிரீமையும் சூடாக்கிக் கெடுத்தது.

ஆழமில்லாத தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஊற்றுங்கள், அல்லது சட்டியை ஐஸ் தண்ணீருக்குள் இறக்கிக் கிண்டுங்கள். ஐஸ் நிரப்பிய பிளாஸ்டிக் துடுப்பு இருந்தால் இன்னும் சுகம். ஆறும் வரை மூடக்கூடாது. 'வீட்டிலை பழஞ்சோறு திண்டு வளர்ந்தனாங்கள், ஒண்டும் நடக்கேல்லையே' என்று ஒரு தம்பி கேட்டார். பழஞ்சோற்றுக்கு நானும் அடிமைதான். ஆனால் சோற்றில் இருக்கிற பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடுகிற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. இருநூறு பேருக்குப் போடுகிற கடையில் அந்தச் சூதாட்டம் ஆடமுடியாது. நகரச் சுகாதாரப் பரிசோதகர் தெர்மோமீற்றரோடுதான் வருவார். வாசலில் ஒட்டும் பச்சை அட்டை மஞ்சளாவதும் சிவப்பாவதும் அதைப் பொறுத்ததுதான். சிவப்பென்றால் கடை பூட்டு.

அலர்ஜி எண்டு பெரிய கதை கதைக்கினம். கடுகு கூடப் பிரச்சினையோ?

ஆம். கனடாவின் முதன்மை ஒவ்வாமைப் பட்டியலில் நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு சிப்பி வகை, சோயா, கோதுமை, எள்ளு, சல்பைற்று ஆகியவற்றோடு கடுகும் இருக்கிறது. கடுகு தாளிக்காமல் கறியே இல்லை என்று வளர்ந்த எங்களுக்கு இது மண்டையில் ஏறக் கொஞ்ச நாள் எடுக்கும்.

ஆபத்து, பார்த்தால் தெரியாத இடத்தில் இருக்கிறது. வினிகிரெட் என்கிற எண்ணெய்-வினிகர் டிரெஸ்ஸிங் பிரியாமல் இருக்க டிஜோன் கடுகு போடுவார்கள். சோயா சோஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. லீ அன்ட் பெரின்ஸ் வூஸ்டர் சோஸில் நெத்திலி உண்டு. அதனால் ரெசிப்பியில் இல்லாத ஒன்றை 'ருசிக்கு' என்று ஒரு கரண்டி போடக்கூடாது. போட்டது உங்களுக்குத் தெரியும், மேசையில் சேர்வருக்குத் தெரியாது. பெட்டியில் லேபல் இல்லாத சோஸை நான் மணந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வதில்லை, ஊற்றிவிடுவேன்.

கையை வெட்டிப்போட்டன், ரெண்டு தையல். வேலையிலை நடந்தது எண்டு சொல்லாதை எண்டு முதலாளி சொல்லுறார்.

சொல்லுங்கள். வைத்தியரிடம் முதல் வார்த்தையே 'வேலையில் நடந்தது' என்பதாக இருக்கட்டும். முதல் உதவிக்கு மேலே வைத்தியம் தேவைப்பட்டால், அறிந்த மூன்று வேலைநாட்களுக்குள் முதலாளி வேலைத்தலக் காப்புறுதி வாரியமான டபிள்யூ.எஸ்.ஐ.பிக்கு அறிவிக்கவேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். வெட்டுப்பட்ட நாளின் முழுச் சம்பளமும் முதலாளி தரவேண்டியது. இரண்டு தையல்தானே என்று விட்ட ஒருவருக்குப் பிறகு விரல் மடங்கவில்லை. அப்போது காட்டுவதற்குக் கையில் ஒரு கடதாசியும் இல்லை.

நாங்கள் சைவம். மாட்டிறைச்சி தொடச் சொல்லுவினமோ?

பெரும்பாலான கடைகளில் சொல்வார்கள். வேலைக்கு முன்பே கேளுங்கள், முதல் நாள் இறைச்சிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்காதீர்கள். மத நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் சொல்கிறது, முதலாளிக்குத் தாங்கமுடியாத சிரமம் வராத அளவுக்கு. பெரிய குசினியில் சலட், பேக்கரி, மரக்கறிப் பக்கம் மாற்றிக்கொடுப்பது சுகம். மூன்று பேர் நிற்கிற ஸ்டேக் கடையில் அது நடக்காது, அங்கே போகாமல் விடுவதுதான் நல்லது. ருசி பார்க்கமாட்டேன் என்பது தனி விஷயம். அதற்கு இன்னொருவரைக் கூப்பிடலாம், நானே பலருக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். என் அம்மாவுக்கு இது தெரியாது.

சம்பளம் எவ்வளவு? டிப்ஸிலை பங்கு வருமோ?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்டோபர் 1 முதல் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். வழக்கமாக ஒவ்வொரு ஒக்டோபரிலும் மாறும், அதனால் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 44 மணித்தியாலம் தாண்டினால் ஒன்றரை மடங்கு. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கவிடாமல் அரை மணித்தியால இடைவேளை தரவேண்டும், அதற்குச் சம்பளம் தரத் தேவையில்லை. வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிறவரை 'இண்டைக்கு சனமில்லை' என்று ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்கு அனுப்பினாலும் மூன்று மணித்தியாலச் சம்பளம் உண்டு. விடுமுறைப் பணம் 4 வீதம், ஐந்து வருடத்துக்குப் பிறகு 6. சோஸ் கருகிப்போனது என்று சம்பளத்தில் கழிக்க முடியாது.

டிப்ஸ் கடைக்குக் கடை வேறு. குசினிக்குப் பங்கு கொடுக்கவேண்டும் என்று சட்டமில்லை. 2016 ஜூன் 10 முதல் முதலாளி அதைத் தன் பைக்குள் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, உங்களோடு சேர்ந்து அதே வேலையைச் செய்கிற முதலாளி மட்டும் விலக்கு. நேர்முகத்தில் 'கிச்சன் டிப்-அவுட் எத்தனை வீதம்?' என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. மற்ற எல்லாரும் கேட்கிறார்கள்.

ட்ரயல் எண்டு மூண்டு நாள் சும்மா செய்விச்சுப்போட்டு விட்டிட்டினம். ஏதும் செய்யலாமோ?

செய்யலாம். பயிற்சி என்று பெயர் வைத்தாலும் கடைக்கு வேலை செய்தால் சம்பளம் தரவேண்டும். எந்தெந்த நாள், எத்தனை மணி என்று எழுதி வைத்து, வந்த குறுஞ்செய்திகளையும் வைத்துக்கொண்டு, மாகாணத் தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு போடலாம். இலவசம், சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

கையிலை காசாய்த் தாறம் எண்டுகினம். வரி இல்லைத்தானே, நல்லதுதானே?

காசாகத் தருவது பிழையில்லை, சம்பளச் சீட்டு இல்லாமல் தருவதுதான் பிழை. சீட்டு இல்லையென்றால் வருடச் சம்பளத்தைக் காட்டும் வரிக் கடதாசியான டி-4 இல்லை, ஓய்வூதியக் கணக்கில் அந்த வருடங்கள் இல்லை, வேலை போனால் வேலையின்மைக் காப்புறுதிக்கு மணித்தியாலம் காட்டமுடியாது. அதற்கு இடத்தைப் பொறுத்து 420 முதல் 700 வரை வேண்டும். பத்து வருடம் இப்படி நின்றுவிட்டு, 2020 மார்ச்சில் கடைகள் பூட்டியபோது காட்ட ஒன்றுமில்லாமல் நின்றவர்களைக் கண்டேன்.

இன்னொன்று, மேலே கையை வெட்டியவர் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்புண்டு. காசுக்கு எடுக்கிற முதலாளிதான் பெரும்பாலும் 'சொல்லாதை' என்கிறவர். சீட்டு இல்லாவிட்டாலும் உங்கள் உரிமை போகாது. நிரூபிப்பதுதான் பாடு.

நான் இன்டர்நஷனல் ஸ்டூடன்ட். எத்தனை மணித்தியாலம் செய்யலாம்?

2024 நவம்பர் 8 முதல், வகுப்பு நடக்கிற காலத்தில் வாரத்துக்கு 24. இரண்டு கடையில் செய்தாலும் கூட்டி 24தான். கல்லூரியின் முறையான விடுமுறையில் முழுநேரம். 'மிச்சத்தைக் காசாய்த் தாறம்' என்று வந்தால், படிப்பு அனுமதியையே பணயம் வைக்கச் சொல்கிறார்கள்.

இந்த அனுபவம் பி.ஆருக்குச் சேருமோ?

நான் குடிவரவு ஆலோசகன் இல்லை, கண்டதைச் சொல்கிறேன். பி.ஆர் என்கிற நிரந்தர வதிவிடத்துக்கு ஒரு வழியான கனேடிய அனுபவ வகுப்பில், அரசின் தொழில் பட்டியலில் 63200 என்ற எண்ணுள்ள 'குக்' சேரும். குசினி உதவியாளர் 65201 சேராது. பிறெப் குக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெயர். சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. என்ன செய்தீர்கள் என்று பார்க்கிறார்கள். மரக்கறி கழுவி உரித்தது மட்டும் என்றால் உதவியாளர். சூப், சோஸ், முழு உணவு சமைத்தீர்கள் என்றால் அது கடிதத்தில் வரவேண்டும், உண்மையாகவும் இருக்கவேண்டும்.

ஒரு வருடம், அதாவது 1,560 மணித்தியாலம் வேண்டும். முழுநேரம் படித்துக்கொண்டு செய்த வேலை அதில் சேராது. மேலே சொன்ன 24 மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டிருந்த பல பிள்ளைகளுக்கு இது கடைசியில்தான் தெரிகிறது.

நாலு வருஷமாய்ப் பிறெப்பிலையே நிக்கிறன். லைனுக்கு எப்பிடிப் போறது?

முதலில், போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பிறெப்பில் காலை ஏழுக்குப் போய் மூன்றரைக்கு வரலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றலாம். லைன் என்றால் வெள்ளி சனி இரவு போய்விடும். நான் திரும்பி வந்தது அதனால்தான்.

போக ஆசை என்றால் நல்ல பிறெப் குக்காக இருப்பதே தடை. உங்களை நகர்த்தினால் செஃபுக்கு வெங்காயம் வெட்ட ஆளில்லை. அதனால் உங்கள் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிக் காட்டுங்கள். ஷிப்ட் முடிந்து அரை மணித்தியாலம் சலட் ஸ்டேஷனில் நின்று பாருங்கள், அந்த நேரத்தையும் பஞ்ச் பண்ணிக்கொண்டு. 'குக்' தொழிற்பயிற்சியில் பதிந்தால் செய்கிற மணித்தியாலங்கள் கணக்கில் ஏறும், வகுப்பும் வேலையும் சேர்த்து ஏறக்குறைய 6,000. கடைசியில் ரெட் சீல் பரீட்சை. அது இல்லாமலும் குக் ஆகலாம். இருந்தால் மற்ற மாகாணங்களிலும் செல்லும்.

பிறகு வாயைத் திறந்து கேளுங்கள். எங்களோடு நின்ற ஒரு தம்பி நாலு வருடம் 'அவையளாய்க் கூப்பிடுவினம்' என்று இருந்தார். கடைசியில் ஒருநாள் கேட்டார், அடுத்த திங்கள் மத்தியானமே சலட்டில் விட்டார்கள். கேட்கிற நேரம் செவ்வாய் பின்னேரம் மூன்று மணி. மத்தியானச் சனம் போய், இரவுச் சனம் வரமுன், செஃப் ஒரு கோப்பி குடித்துக்கொண்டு நிற்பார். வெள்ளிக்கிழமை கேட்கவே கேட்காதீர்கள்.